பால்கடைச் சடக்கும் சுண்ணாம்புக் கம்பமும்: சிங்கை நகரில் ஒரு நாள்

சிங்கப்பூருக்கு வரும் பயணிகளுக்கென அச்சிடப்படும் கையேடுகள் பெரும்பாலும் ஒரு நாளை இரண்டாகப் பகுத்துத் தருகின்றன. காலையில் பழைய நகரம்: கோயில், பள்ளிவாசல், கடைவீடுகள். மாலையில் புதிய நகரம்: வானுயர்ந்த கட்டடங்கள், மரினா விரிகுடா, விளக்கொளி. உயர்நிலை மூன்றாம் வகுப்பில் பயிலும் என் பேத்திக்கும் அண்மையில் இதே போன்றதொரு பள்ளித் திட்டப்பணி வந்து சேர்ந்தது. ஒரே நாளில் நகரின் மரபையும் புதுமையையும் கண்டு எழுத வேண்டுமாம். துணைக்கு வருமாறு என்னை அழைத்தாள். நான் ஒரு நிபந்தனை விதித்தேன். எந்த இடத்துக்குச் சென்றாலும் முதலில் அவ்விடத்தின் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும். ஆங்கிலப் பெயர், மலாய்ப் பெயர், சீனப் பெயர், தமிழ்ப் பெயர் என நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை. படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில், ஒரு புதன்கிழமை நாங்கள் நடந்த நடையே இவ்வுரையின் பொருள். ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முன்பு, ஆய்வு மாணவனாக இருந்தபோது நான் செய்த தவறு ஒன்றும் இதில் இடையே வந்து சேரும். அதை இந்த அவையில் சொல்லிவிடுவது என் கடமை என்று கருதுகிறேன்.

தெலுக் ஆயர் தெருவில் தொடங்கினோம். தெலுக் என்றால் மலாய் மொழியில் விரிகுடா. ஆயர் என்றால் நீர். இன்று அத்தெருவில் நின்று கடலைத் தேடினால் காண முடியாது. அலுவலகக் கட்டடங்களே சுற்றிலும் நிற்கின்றன. ஆனால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தெருதான் கடற்கரை. 1880களில் நடந்த கடல் தூர்ப்புப் பணிக்குப் பின்னரே அலை இங்கிருந்து விலகிப் போயிற்று. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் நன்றி செலுத்த முதலில் நின்ற இடம் இது. ஆகையால் ஒரே வரிசையில் ஹொக்கியன் மக்கள் 1839இல் கட்டத் தொடங்கிய தியான் ஹொக் கெங் கோயிலும், அதன் இருபுறமும் சற்றுத் தள்ளித் தமிழ் முஸ்லிம்களின் இரண்டு இறையில்லங்களும் இருக்கின்றன. ஒன்று, 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பப்பட்ட நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக, அங்குள்ள தர்காவை மனத்தில் கொண்டு கட்டப்பட்டது. மற்றொன்று, அல் அப்ரார் பள்ளிவாசல்.

அல் அப்ராரின் இன்னொரு பெயரைக் கேட்டதும் என் பேத்தி சற்று வியந்தாள். குச்சுப் பள்ளி. 1827இல் ஓலைக் கூரை வேய்ந்த சிறு குடிலாக அது தொடங்கியது. குச்சு என்பது குடிசையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். செங்கல் கட்டடம் 1850களில் எழுந்தது, குடிசை போய்விட்டது, பெயர் போகவில்லை. ஒரு கட்டடத்தின் முதல் உருவத்தை ஓவியமோ நிழற்படமோ காட்டாத நிலையில், இரண்டு அசைகளே கொண்ட ஒரு சொல் காட்டி நிற்கிறது. வரலாற்றாசிரியர்கள் ஆவணக் காப்பகத்தில் தேடும் செய்தியை இங்கே தெருவில் போவோர் வாயிலேயே வைத்திருந்தனர்.

அருகிலேயே கிராஸ் தெரு. இதற்குத் தமிழர் வழங்கிய பெயர் பால்கடைச் சடக்கு. 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியில் பால் விற்றவர்கள் நம்மவர்கள். கடை நமக்குத் தெரிந்த சொல். மலாய்க்காரர்களும் அதைத்தான் கெடாய் என்று கடன் வாங்கிக்கொண்டார்கள். கப்பல், பெட்டி, கட்டில் ஆகியனவும் நம்மிடமிருந்து மலாய்க்குப் போனவையே. சடக்கு என்பதுதான் கவனிக்கத் தக்கது. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வரும் நண்பர்கள் இச்சொல்லைக் கேட்டுப் புருவம் உயர்த்துவதுண்டு. இந்துஸ்தானியின் சடக் என்னும் சொல், ஈற்றில் ஒரு குற்றியலுகரம் பெற்றுத் தமிழாகிவிட்டது. இத்தீவின் தொடக்ககாலச் சாலைகளைப் போட்டவர்கள், 1825 முதல் 1873 வரை இங்கு வைக்கப்பட்டிருந்த இந்தியக் கைதிகள். சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்த அவர்கள் ஒன்றாக வேலை செய்தனர். சாலை போடும் இடத்தில் புழங்கிய சொல் தமிழர் நாவில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகம் என்றே அதைக் கொள்க.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்கு ஐந்து நிமிட நடை. 1819இல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை மாரியம்மன் கோயிலுக்கு இடம் தேடிய கதையை இங்குள்ள மாணவர்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். அவருக்கு முதலில் ஒதுக்கப்பட்ட இடம் தெலுக் ஆயர் தெருவில்தான். பெயரிலேயே நீரைக் கொண்ட அத்தெருவில் கோயில் வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் கிடைக்கவில்லை. ஆகவே, இடம் மாற்றிக் கேட்டார். 1827இல் மரமும் ஓலையுமாகக் கோயில் எழுந்தது. 1843இல் செங்கற் கட்டடம். இன்று நாம் காணும் கோபுரம் 1925இல் அமைந்தது.

கோயிலுக்கு ஒரு புறம் பகோடா தெரு, மறுபுறம் டெம்பிள் தெரு. இன்னும் சற்றுத் தள்ளி மாஸ்க் தெரு. சீனர் வட்டாரம் என்று உலகமெல்லாம் அறியப்பட்ட பகுதியில், மூன்று தெருக்களுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர்கள் தமிழர் எழுப்பிய இரண்டு இறையில்லங்களிலிருந்து பிறந்தவை. மாஸ்க் தெருவுக்குப் பெயர் தந்தது 1826இல் தொடங்கப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சூலியா என்னும் சொல் சோழ நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பர். சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களை அது குறித்தது. இதற்கு மாறாக, கலிங்கத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் கிளிங் என்னும் சொல், தென்னிந்தியர் அனைவரையும் சுட்டப் பயன்பட்டு, காலப்போக்கில் இழிவுக் குறிப்பு ஏறிக்கொண்டது. கிளிங் தெரு என்றிருந்தது 1921இல் சூலியா தெருவாயிற்று. பெயரை மாற்றச் சொல்லிக் கேட்கும் துணிவு அப்போது நம்மவர்க்கு வந்துவிட்டது என்பதற்கு அம்மாற்றமே சான்று.

பேத்தி எழுதிய அட்டவணையில் ஒரு வினா இந்த இடத்தில்தான் எழுந்தது. சைனாடவுன் ரயில் நிலையப் பலகையைப் பார்த்து எழுதினாள். சீன எழுத்தில் அங்கிருப்பது நியூ செ சுவெய். மாட்டுவண்டித் தண்ணீர் என்று பொருள். மாட்டுவண்டிகளில் இப்பகுதிக்கு நீர் கொண்டுவந்த காலத்து நினைவு அது. மலாயில் கிரேத்தா ஆயர் என்று வழங்குவதும் அதே தண்ணீர் வண்டிதான். தமிழில் சைனாடவுன் என்று ஆங்கில ஒலியே எழுதப்பட்டிருக்கிறது. "சீனத்தில மட்டும் கதை இருக்கு, தமிழில ஏன் தாத்தா இல்ல?" என்றாள். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. மதிய உணவுக்குப் பின் சொல்வதாகத் தட்டிக் கழித்தேன்.

மதிய உணவு மார்க்கெட் தெருவில். இங்கே 1970கள் வரை கிட்டங்கிகள் இருந்தன. நகரத்தார் இத்தெருவைக் கிட்டங்கித் தெரு என்றனர். நீண்ட கூடம் ஒன்றில் சுவரோரமாக வரிசையாகக் கைப்பெட்டியும் பெட்டகமும் வைத்து, பாயில் சம்மணமிட்டு அமர்ந்து, தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் கடன் கொடுத்தவர்கள் அவர்கள். தொழிலும் அங்கே, உறக்கமும் அங்கே. சமையலுக்கு ஊரிலிருந்தே ஆள் வந்தார். தமிழின் கிடங்கும் தெலுங்கின் கிட்டங்கியும் மலாயின் குடாங்கும் ஆங்கிலேயர் வழங்கிய கோடவுனும் ஒரே குடும்பத்துச் சொற்கள். சரக்கு வைக்கும் இடத்தைக் குறித்த சொல், இங்கே பணம் வைத்தவர்களின் இருப்பிடத்தைக் குறித்தது. கிட்டங்கிகள் இடிக்கப்பட்டு, இவ்வட்டாரத்தில் 1984இல் ஒரு பல்லடுக்குக் கார் நிறுத்துமிடம் வந்தது. அதுவும் 2017இல் மூடப்பட்டு இடிக்கப்பட, 2021இல் கேப்பிட்டாஸ்பிரிங் என்னும் 51 மாடிக் கோபுரம் 280 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. அதனுள்ளேயே உணவங்காடி நிலையம் இருக்கிறது. அங்கே உண்டுவிட்டு உச்சியிலுள்ள தோட்டத்துக்கு ஏறினோம். வங்கிகளின் பெயர்கள் பொறித்த கட்டடங்கள் கீழே தெரிந்தன. பழமை ஒரு பக்கம், புதுமை ஒரு பக்கம் என்று வகுத்த கையேடு எனக்கு நினைவுக்கு வந்தது. இத்தெருவில் பணத்தைக் கடன் கொடுக்கும் தொழில் நூற்றைம்பது ஆண்டுகளாக ஓயவே இல்லை. தரையில் அமர்ந்தவர்கள் நாற்காலிக்கு மாறினார்கள், பெயர்தான் காணாமற்போனது.

அருகில் லாவ் பா சாட். 1894இல் இரும்பால் அமைக்கப்பட்ட எண்கோணச் சந்தை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழிகாட்டிப் பலகையில் இப்பெயரின் இறுதிப் பகுதியை ஆங்கிலத்தில் சனிக்கிழமையின் சுருக்கமென்று கணினி எண்ணிக்கொள்ள, தமிழில் 'சனி' என்றே அச்சாகிவிட்டது. படம் ஊரெல்லாம் சுற்றியது. நாமும் சிரித்தோம், சினந்தோம். உண்மையில் பா சாட் என்பது பாசார் என்னும் மலாய்ச் சொல்லின் ஹொக்கியன் வடிவம். அம்மலாய்ச் சொல்லோ பாரசீகத்தின் பஜார். நாம் பசார் என்று சொல்வதும் அதுவே. ஒரு தமிழாசிரியரிடம் கேட்டிருந்தால் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பார்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்துக்கும் போனோம். சிங்கப்பூர்க் கல் இங்கேதான் நின்றது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட மணற்பாறை. அதில் சுமார் 50 வரி எழுத்து. தமிழும் அறிந்திருந்த முன்ஷி அப்துல்லா தம் வரலாற்றில் இக்கல்லைப் பற்றி எழுதுகிறார். ஒவ்வோர் இனத்தாரும் அவரவர் எழுத்து என்று அதை உரிமை கொண்டாடினராம். 1843இல் ஆற்றின் வாயை அகலப்படுத்த வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இன்றுவரை எவராலும் முழுமையாகப் படிக்க முடியவில்லை. அந்த இடத்தில் நின்றபோதுதான் பேத்தியின் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கினேன். தமிழிலும் கதை இருந்தது. அதைப் பதிவு செய்ய வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்றேன்.

1980களில், முனைவர் பட்டத்துக்காகச் சிங்கப்பூர்த் தமிழரின் பேச்சு வழக்கை ஆய்ந்துகொண்டிருந்தேன். சிராங்கூன் சாலைப் பகுதியில் முதியவர் ஒருவரைப் பலமுறை சந்தித்தேன். இளமையில் மாடு வைத்துப் பால் கறந்து விற்றவர். வினைச்சொல் வடிவங்களையும் உறவுமுறைச் சொற்களையும் நான் கேட்டுக்கொண்டிருக்க, அவர் இடையிடையே ஊர்ப் பெயர்களையே சொல்லிக்கொண்டிருப்பார். இன்ன சடக்கில் இன்னார் கொட்டகை இருந்தது, இன்ன கம்பத்தில் தண்ணீர் எடுத்தோம் என்று. அவை என் ஆய்வு வரம்புக்கு வெளியே இருந்தன. அதைவிட, அவை எனக்குத் தூய தமிழாகத் தோன்றவில்லை. பாதி மலாய், பாதி இந்துஸ்தானி, பாதி ஹொக்கியன். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் தனித்தமிழ்ப் பற்று மிகுந்திருந்த நான், குறிப்பட்டையில் இரண்டு பெயர்களை மட்டும் எழுதி, அருகே 'கலப்பு. விடுக' என்று குறித்துவிட்டேன். ஒரு நாள் அவரே கேட்டார்: "தம்பி, நான் சொல்றது எல்லாத்தையும் எழுதுறீங்க, இதை மட்டும் ஏன் எழுத மாட்டேங்கிறீங்க?" அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன். பட்டம் கிடைத்தது. அடுத்த முறை வாய்க்கவில்லை.

1891இலேயே ஹாட்டன் என்னும் ஆங்கிலேயர், சிங்கப்பூர்த் தெருக்களுக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களைத் தொகுத்து அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் வெளியிட்டார். ஓர் அந்நிய அதிகாரிக்குத் தோன்றியது, அம்மொழியிலேயே பட்டம் பெற முனைந்த எனக்குத் தோன்றவில்லை. அச்சில் ஏறிய தமிழ் எனக்குப் பெரிதாகப் பட்டது. 1887இல் சிங்கைநேசன் வார இதழ் தொடங்கியதையும், அதே ஆண்டில் சதாசிவ பண்டிதரின் சிங்கைநகர் அந்தாதி வெளிவந்ததையும் மாணவர்க்குப் பெருமையுடன் சொல்லி வந்தேன், இப்போதும் சொல்கிறேன். பால்காரரின் தமிழ் அந்த வரிசையில் இடம்பெறவில்லை.

தெலுக் ஆயர் நிலையத்தில் ரயில் ஏறி ஆறாவது நிலையத்தில் இறங்கினால் லிட்டில் இந்தியா. சீனத்தில் சிறிய இந்தியா என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். தமிழில் லிட்டில் இந்தியா. ஒலிபெயர்ப்பை நான் குறை கூறவில்லை என்பதை ஆசிரியர்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வழிதெரியாத ஒரு முதியவர் ரயிலில் கேட்கும் அறிவிப்பும் பலகையில் படிக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் சரியான நிலையத்தில் இறங்குவார். வேறு பெயர் எழுதினால் தடுமாறிப் போவார். ரயில் பலகையின் வேலை வழிகாட்டுவது. கதை சொல்லும் வேலை வகுப்பறையுடையது. அங்கேதான் நாம் பின்தங்கிவிட்டோம்.

இவ்வட்டாரத்தின் பழைய தமிழ்ப் பெயர் சுண்ணாம்புக் கம்பம். என் தந்தையார் கடைசிவரை அப்படித்தான் சொன்னார். "சுண்ணாம்பில செஞ்ச தூணா?" என்று பேத்தி கேட்டது இயல்பே. தமிழில் கம்பம் தூணைக் குறிக்கும். இங்கோ அது மலாய்க் கம்போங், அதாவது சிற்றூர். சிராங்கூன் சாலையோரம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. மலாய்க்காரர்கள் கம்போங் காப்போர் என்றனர். காப்போர் என்றால் சுண்ணாம்பு. அப்பெயர் இன்றும் ஒரு சாலைக்கு இருக்கிறது. தமிழர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். காப்போரைச் சுண்ணாம்பு என்று மொழிபெயர்த்தார்கள். கம்போங்கை மொழிபெயர்க்கவில்லை, அதன் ஈற்றை மட்டும் மாற்றிக் கம்பம் ஆக்கினார்கள். மரம், பணம், குளம் என்பனபோல் அது மகர ஈற்றுச் சொல்லாயிற்று. உடனே கம்பத்தில், கம்பத்துக்கு, கம்பத்துக்காரர் என்று அத்துச் சாரியை பெற்று நடக்கத் தொடங்கிவிட்டது. எந்த இலக்கணியும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. தொல்காப்பியம் வகுத்த சாரியை விதிக்கு ஒரு மலாய்ச் சொல்லைக் கீழ்ப்படிய வைத்தவர்கள் சுண்ணாம்பு சுட்டவர்களும் மாடு மேய்த்தவர்களுமே. நான் கலப்பு என்று ஒதுக்கியது இதைத்தான்.

இப்பெயரின் சிறப்பு இன்னும் இருக்கிறது. 1856இல் தொடங்கி செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை இந்தியக் கைதிகள் கட்டியபோது, உட்சுவருக்கு மதராஸ் சுனாம் என்னும் பூச்சைப் பூசினார்கள். சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டையின் வெள்ளைக் கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்த சாந்து அது. காய்ந்தபின் கல்லால் தேய்த்தால் பளிங்குபோல் மின்னும். ஆங்கிலேயர் எழுதிய சுனாம், நம் சுண்ணம். சீமான்கள் வழிபட்ட ஆலயத்தின் வெண்மைக்குப் பெயரும் செய்முறையும் நம் கரையிலிருந்து வந்தவை.

ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலையும் முன்னாளில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே அழைத்தனர். மாலைப் பூசைக்கு மணி அடித்த நேரம் அங்கே இருந்தோம். பூக்கடைக்காரர் ஒருவரிடம் சுண்ணாம்புக் கம்பம் எங்கே என்று சோதனைக்காகக் கேட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறாண்டுகள் ஆனவராம். அப்படி ஒரு கடை இங்கே இல்லை என்றார்.

தேக்காவைப் பற்றி மட்டும் மகிழ்ச்சியோடு சொல்லலாம். ஹொக்கியனில் மூங்கிலைக் குறித்த தெக் கியா என்பதிலிருந்து வந்தது அது. 1915 முதல் இருந்த பழைய சந்தைக்கு மாற்றாக, 1982இல் எதிர்ப்புறத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டபோது மாண்டரின் ஒலிப்பில் ஜூஜியாவ் நிலையம் என்று பெயரிட்டார்கள். பலர் வாயிலும் அது நுழையவில்லை. ஹொக்கியன் பாட்டியும் தமிழ்ப் பாட்டியும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டு காய்கறி வாங்கினார்கள். 2000இல் பலகை மாறியது: தேக்கா நிலையம். ஒரு பெயர் தப்பிப் பிழைக்க நாள்தோறும் அதைச் சொல்பவர்கள் போதுமான அளவில் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. சுண்ணாம்புக் கம்பத்துக்கு அத்தகைய எண்ணிக்கை இன்று இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்களிடம் தாத்தா பாட்டியின் வாயிலிருந்து ஒரே ஓர் இடப்பெயரைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். திருத்தாமல், கேட்டபடியே எழுதட்டும். சொன்னவரின் வயது, இளமையில் அவர் வாழ்ந்த இடம், செய்த தொழில், கேட்டெழுதிய நாள் ஆகிய நான்கும் உடன் இருக்கட்டும். கலப்பா தூயதா என்ற ஆராய்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எண்பது வயதைக் கடந்தவர்களிடம் இவ்வாண்டே கேட்பது நல்லது.

எஞ்சிய என் இரண்டு குறிப்பட்டைகளையும் கொண்டுவந்திருக்கிறேன். மை சற்று மங்கியிருக்கிறது. 'விடுக' என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. உரை முடிந்தபின் மாணவர்கள் மேடைக்கு அருகே வந்து பார்க்கலாம்.